சமூகப்பணிக் கல்வியில் இனவாதம்: அறிக்கை வந்தாயிற்று, பயிலரங்கும் முடிந்தாயிற்று. இனி எதில் கை வைப்பது?

தேன்வதை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் சமூகப்பணி இளமாணிக் கற்கைநெறி ஒன்றின் களப்பயிற்சிப் பிரிவிலிருந்து, அதாவது மாணவரைச் சமூகசேவை நிறுவனங்களுக்கு அனுப்பி வேலை பழக்கும் பிரிவிலிருந்து, கேட்கிறேன். பீடம் இனவாதத்துக்கு எதிரான அறிக்கை வெளியிட்டாயிற்று. ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிலரங்கு நடந்தாயிற்று. ஆனாலும் களப்பயிற்சி நீடிக்கப்படுகிறவர்கள், "எங்களுக்குப் பொருத்தமில்லை" என்று நிறுவனம் திருப்பி அனுப்புகிறவர்கள், இடையில் விட்டுப் போகிறவர்கள் பட்டியலை எடுத்தால், கறுப்பின, பூர்வகுடி, தெற்காசியப் பிள்ளைகளின் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு கோப்பையும் தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

இன்னொரு பயிலரங்கு வேண்டாம். சேர்க்கை, களப்பயிற்சி, பாடத்திட்டம் இவற்றில் எந்தப் படிவத்தை, எந்த விதியை மாற்றினால் பலன் தெரியும்? அப்படி மாற்றும்போது எங்கே பிசகும்? இந்த வேலை தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

---

களத்துமேடு

பயிலரங்கு ஆட்களின் மனதைக் குறிவைக்கிறது. உங்கள் பட்டியலை உண்டாக்குவது மனம் மட்டுமல்ல. யார், எந்த நேரத்தில், எந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள் என்பதும்தான். ஆகவே முடிவு எடுக்கப்படும் இடங்களைத் தேடிப் போங்கள்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே உரிமம் பெறத் தேர்வு எழுதவேண்டும். தேர்வை நடத்தும் சமூகப்பணிச் சபைகளின் சங்கம் 2022 இல்தான் முதன்முறையாக இனவாரியான முடிவுகளை வெளியிட்டது. 2018 முதல் 2021 வரையான காலத்தில் சிகிச்சைப் பணிக்கான (clinical) தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறிய வெள்ளையர் ஏறத்தாழ 84 வீதம், கறுப்பினத்தவர் 45 வீதம். எண் வெளியே வந்த பிறகுதான் விவாதம் சூடுபிடித்தது. ஒன்ராறியோவில் சமூகப்பணியாளராகப் பதிவு செய்ய இதுவரை அப்படி ஒரு தேர்வு இருந்ததில்லை. எனவே இங்கே உண்மையான வாசற்கதவு களப்பயிற்சி மதிப்பீடுதான். அந்தக் கதவில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்ற எண்ணை யாரும் வெளியிடுவதில்லை.

முதலில் நிறுவனத்தோடு பொருத்தும் கட்டம். மாணவரின் சுயவிபரம் போகிறது, நேர்முகம் நடக்கிறது, "பொருத்தமில்லை" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வருகிறது, ஒருங்கிணைப்பாளர் அடுத்த நிறுவனத்தைத் தேடுகிறார். அந்த மறுப்பு எங்கேயும் பதிவாவதில்லை. மூன்று விடயங்களைப் பதியத் தொடங்குங்கள்: ஒரு மாணவருக்கு இடம் உறுதியாகும் முன் எத்தனை நிறுவனங்கள் கேட்கப்பட்டன, முதல் அனுப்புதலிலிருந்து உறுதியாகும் வரை எத்தனை நாள், மறுத்த நிறுவனம் எழுத்தில் தந்த காரணம் என்ன. காரணம் எழுதாத மறுப்பை ஏற்பதில்லை என்று நிறுவனத்தோடு செய்யும் உடன்படிக்கையிலேயே போடுங்கள். சில நிறுவனங்கள் முகம் சுளிக்கும். இடங்கள் குறைந்துவிடும் என்ற பயம்தான் பீடங்களை இவ்வளவு காலம் வாய்மூட வைத்திருக்கிறது. அந்தப் பயத்தை வெளிப்படையாகப் பேசாமல் இந்த வேலை நகராது.

அடுத்தது மதிப்பீட்டுப் படிவம். என் கணக்கில் எல்லாவற்றையும்விட அதிக சேதம் செய்வது "தொழில்முறை நடத்தை" என்ற தலைப்பின் கீழ் விடப்பட்டிருக்கும் வெற்றிடம். ஒரே செயல் ஒருவரிடம் "தன்னம்பிக்கை" என்றும் ஒரு கறுப்பின மாணவியிடம் "ஆவேசம்" என்றும் எழுதப்படுவது அங்கேதான். கூட்டத்தில் வாய்திறக்காத தமிழ் மாணவர் "முன்முயற்சி இல்லை" என்று எழுதப்படுவதும் அங்கேதான். "தொடர்பாடலில் முன்னேற்றம் தேவை" என்ற வரிக்குள் உச்சரிப்பைப் பற்றிய எரிச்சல் ஒளிந்துகொள்ளும்.

படிவத்தில் இப்போது இப்படி இருக்கும்: "மாணவர் தொழில்முறைத் தோரணையைப் பேணுகிறார்: 1 முதல் 5 வரை." இதை எடுத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: "கவலைக்குரிய நடத்தை எது? எந்தத் தேதி, எந்தச் சூழல்? அன்றே மாணவரிடம் சொல்லப்பட்டதா? எந்த வார்த்தைகளில்? அதன்பின் மாணவர் என்ன செய்தார்?" தேதியும் சம்பவமும் இல்லாத குறைமதிப்பு செல்லாது. எழுத ஒன்றும் இல்லையென்றால், நிறுவனத்தில் மாணவரை மேற்பார்க்கும் பயிற்றுநர் தாமாகவே புள்ளியைத் திரும்ப யோசிப்பார்.

அதோடு ஒரு விதி: இடைக்கால மதிப்பீட்டில் எழுத்தில் சொல்லப்படாத குறைக்காக இறுதியில் யாரையும் தோல்வியாக்கக் கூடாது. சேவை பெறுநருக்கு ஆபத்து விளைவித்த சம்பவம் மட்டும் விதிவிலக்கு. மாணவர் களத்தில் என்ன பழகவேண்டும் என்று எழுதும் கற்றல் ஒப்பந்தம் நான்காவது வாரத்துக்குள் கையெழுத்தாக வேண்டும். தோல்வி என்ற முடிவைக் களப் பயிற்றுநர் பரிந்துரைக்கலாம். தீர்ப்பது, களப்பயிற்சியைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கவனிக்கும் தொடர்பாளரும், அந்த மாணவரோடு தொடர்பே இல்லாத இன்னொரு ஆசிரியரும்.

மாணவர்கள் ஏன் முறையிடுவதில்லை என்பதற்கும் விடை கணக்கில் இருக்கிறது. இளமாணிக்குக் கனடாவில் குறைந்தது 700 மணிநேரக் களப்பயிற்சி வேண்டும். வாரம் மூன்று நாள், 21 மணிநேரம் என்றால் 33 வாரத்துக்கு மேல். பெரும்பாலும் சம்பளமில்லை. அதில் 400 மணிநேரம் முடித்த ஒருவர் நிறுவனத்தில் நடக்கும் இனவாதத்தைச் சொன்னால் இடம் மாற்றப்படுவார், பல இடங்களில் மணிநேரம் மறுபடி பூச்சியத்திலிருந்து. வாடகை கட்டவேண்டிய பிள்ளை வாயைத் திறக்குமா? இனவாதம் காரணமாக இடம் மாறினால் முடித்த மணிநேரம் முழுவதும் செல்லும் என்று கையேட்டில் ஒரே ஒரு வரி சேருங்கள். முறைப்பாட்டு எண்ணிக்கை கூடும். அது கூடுவதைத் தோல்வி என்று பீடாதிபதி நினைக்காதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

எண்சுவடி

களத்துமேடு சொன்னதோடு தரவையும் கட்டுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், "இங்கே உங்களுக்கு ஒட்டுதல் இருக்கிறதா" என்று ஒரு கருத்துக்கணிப்பு, அதன் சராசரி, ஒரு வண்ண அறிக்கை. அதை வைத்து எந்த முடிவையும் மாற்ற முடியாது.

ஆறு படிகளை எண்ணுங்கள்: விண்ணப்பித்தோர், இடம் வழங்கப்பட்டோர், சேர்ந்தோர், முதலாண்டு முடித்தோர், களப்பயிற்சியை முதல் தடவையிலேயே முடித்தோர், பட்டம் பெற்றோர். மொத்தத்தைப் பார்க்கவேண்டாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எத்தனை வீதம் போகிறார்கள் என்பதை இனவாரியாக ஒப்பிடுங்கள். ஒரு குழு சேர்க்கையில் விழுகிறதா களத்தில் விழுகிறதா என்பது அப்போதுதான் புலப்படும். மருந்தும் அதற்கேற்ப வேறு.

இன வகைப்பாட்டை நீங்களே உருவாக்கவேண்டாம். ஒன்ராறியோவின் 2017 ஆம் ஆண்டு இனவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வெளியான தரவுத் தரநிலைகளில் வகைகளும் கேள்வி வாசகங்களும் இருக்கின்றன. ஆனால் "தெற்காசியர்" என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், பஞ்சாபியர், வங்காளியர் எல்லோரும் அடைக்கப்படுவதைக் கவனியுங்கள். ஒரு உபகேள்வி வையுங்கள்.

சிறிய வகுப்பில் பெரிய சிக்கல் ஒன்று: வருடத்துக்கு இரண்டு பூர்வகுடி மாணவர்தான் என்றால் அட்டவணையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து வருடத் தரவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், ஐந்துக்குக் குறைவான எண்ணை வெளியிடாதீர்கள். "எண் சிறிது, ஆகவே ஒன்றும் சொல்லமுடியாது" என்பவர்களுக்குப் பதில்: எண் சிறிதாக இருந்தால் கோப்புகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். இருபது கோப்பை ஒரு வாரத்தில் வாசித்துவிடலாம். சுய அடையாளத் தரவு யார் கையில் இருக்கிறது, மதிப்பிடும் ஆசிரியர் அதைப் பார்க்கமுடியுமா என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள். பார்க்க முடியும் என்றால் பிள்ளைகள் நிரப்பமாட்டார்கள். அவர்கள் செய்வதும் சரி.

சேர்க்கையில் ஒரு குறிப்பு. சம்பளமில்லாத தொண்டர் வேலைக்கு அதிக புள்ளியும், முதியோர் இல்லத்தில் இரவுவேலை செய்து சம்பாதித்ததற்குக் குறைந்த புள்ளியும் கொடுக்கும் அளவுகோல் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேலை. சம்பளமில்லாமல் வேலை செய்ய யாருக்கு வசதி இருக்கிறதோ அவருக்கே அந்தப் புள்ளி போய்ச் சேருகிறது. வாசிப்போர் இருவர், பெயர் மறைத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் புள்ளியிடட்டும். வித்தியாசம் பெரிதானால் மூன்றாமவர்.

இன்னொன்று: அமெரிக்கப் பல்கலைக்கழக ஆவணங்களை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். அங்கே 2023 ஜூன் 29 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் வழி அடைபட்டுவிட்டது. ரெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் பொதுப் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மை அலுவலகமே வைத்திருக்க முடியாது. கனடாவில் நிலைமை வேறு. உரிமைகள் சாசனத்தின் 15(2) ஆம் பிரிவும், ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டத்தின் 14 ஆம் பிரிவும் பின்தள்ளப்பட்டோருக்கான சிறப்புத் திட்டங்களை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. "சட்டம் விடாது" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் எந்த நாட்டுச் சட்டம் என்று கேளுங்கள்.

---

நாணல்

பாடத்திட்டத்தைப் பற்றி. பூர்வகுடி வரலாற்றைப் பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு விருந்தினர் விரிவுரையாக வைப்பதுதான் பொதுவான பிழை. அப்படி வைத்தால் அது யாரோ செய்த பழைய கொடுமையாகத் தோன்றும். செய்தவர்களில் சமூகப்பணியாளர்களும் உண்டு என்பது மாணவருக்கு உறைக்காது.

1951 இல் கனடாவின் இந்தியன் சட்டத்தில் (பூர்வகுடிகள் பற்றிய சட்டம்) செய்த திருத்தம் மாகாணச் சட்டங்களைப் பூர்வகுடிகளின் ஒதுக்ககங்களுக்குள்ளும் செல்லுபடியாக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு மாகாணச் சிறுவர் நலப் பணியாளர்கள் உள்ளே போனார்கள். அறுபதுகளில் வேகமெடுத்து எண்பதுகள் வரை 20,000 க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்டு, பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பிப் பிள்ளையைக் காரில் ஏற்றியது இதே தொழிலில் இருந்தவர்கள். கனடியச் சமூகப்பணியாளர் சங்கம் 2019 இல் மன்னிப்புக் கேட்டது. 2015 இல் முடிந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 அழைப்புகளில் முதலாவதே சிறுவர் நலம் பற்றியது. சமூகப்பணியாளர்கள், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளின் வரலாற்றையும் விளைவையும் முறையாகப் படித்திருக்கவேண்டும் என்கிறது.

இது பழங்கதையும் இல்லை. 2021 குடிசன மதிப்பீட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 வீதம், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்போரில் 53.8 வீதம். பூர்வகுடிப் பிள்ளைகளின் சேவைகளுக்குக் குறைவாக நிதி கொடுத்து மத்திய அரசு பாகுபாடு காட்டியது என்று கனடிய மனித உரிமைகள் தீர்ப்பாயம் 2016 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2018 அறிக்கை, சிறுவர் உதவிச் சங்கங்களின் பராமரிப்பில் பூர்வகுடி, கறுப்பினப் பிள்ளைகள் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டியது.

இவற்றை விருப்பப் பாடத்தில் போடாதீர்கள். மதிப்பீட்டுத் திறன் கற்பிக்கும் கட்டாயப் பாடத்தில் போடுங்கள். செய்யவைக்கக்கூடிய ஒரு பயிற்சி: சிறுவர் நல ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, மாதிரிக் குடும்பம் ஒன்றுக்குப் புள்ளியிடச் சொல்லுங்கள். பிறகு எந்தெந்தக் கேள்வி பெற்றோரின் நடத்தையை அளக்கிறது, எந்தெந்தக் கேள்வி வறுமையை அளக்கிறது என்று இரண்டு நிறத்தில் அடையாளமிடச் சொல்லுங்கள். ஒரே அறையில் நான்கு பிள்ளைகள், குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாடு குறைவு, அடிக்கடி வீடு மாறுதல். இவை "புறக்கணிப்பு" என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. பிறகு கேளுங்கள்: இந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையை எடுப்பது வேண்டுமா, மூன்று மாத வாடகை வேண்டுமா? முன்பு கொடுத்த புள்ளிகளை இந்தக் கேள்விக்குப் பிறகு திரும்பக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை மாணவர் தம் கையாலேயே கண்டுபிடிப்பது பத்து விரிவுரைக்குச் சமம்.

வகுப்பில் இருக்கும் ஒரே பூர்வகுடி மாணவரை "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கவே கூடாது. வெளியிலிருந்து பூர்வகுடிப் பெரியவர்களை அழைத்தால் மதிப்பூதியத்தை அன்றே கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நிதிப்பிரிவு ஆறு வாரம் இழுத்தடிப்பதும் ஒரு அவமதிப்புத்தான்.

---

தேன்வதை

மூவருக்கும் மிக்க நன்றி. களத்துமேடு அண்ணா, இரண்டு சந்தேகம். ஒன்று, சேவை பெறுநரே மாணவரை இனத்தைச் சொல்லித் திட்டினால் நிறுவனங்கள் "இதுவும் கற்றல்தான்" என்று விட்டுவிடுகின்றன. அதற்கு நடைமுறை எப்படி எழுதுவது? மற்றது, தமிழ் மாணவர்களை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்க் குடும்பங்களிடமே அனுப்புகிறார்கள். அது நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை.

---

களத்துமேடு

முதலாவதுக்கு: மாணவர் அந்த இடத்தைவிட்டு அப்போதே வெளியேறலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. சேவை பெறுநரிடம் பேசவேண்டியது பயிற்றுநர், மாணவர் அல்ல. 24 மணிநேரத்துக்குள் பயிற்றுநர் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தொடர்பாளருக்கு அனுப்பவேண்டும். அந்தக் குடும்பத்தோடு தொடர்வதா இல்லையா என்பது மாணவர் விருப்பம். விலகினால் மணிநேரமோ புள்ளியோ குறையாது. அந்தச் சம்பவத்தைப் பற்றியே கற்றல் குறிப்பேடு எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சேவையை நிறுத்தவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. முதுமை மறதியில் திட்டுபவருக்கும் தெரிந்தே திட்டுபவருக்கும் பதில் வேறு. ஆனால் மாணவருக்கான பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டாவதை மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

---

கரைவலை

தங்கச்சி, அதில் நல்லதும் இருக்கிறது, சுரண்டலும் இருக்கிறது. தாய்மொழியில் கதைக்கக்கூடிய ஒருவர் வருவது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நிறுவனம் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கவேண்டிய காசை மிச்சம் பிடிக்க மாணவரைப் பயன்படுத்துகிறது. மற்ற மாணவர் சிகிச்சைத் திறன் பழகும்போது நம் பிள்ளை அடுத்த அறையில் வேறு பணியாளரின் வழக்குக்கு (அவர் கவனிக்கும் குடும்பத்துக்கு) உரை பெயர்த்துக்கொண்டிருக்கும். முடிவில் "வழக்கு அனுபவம் போதாது" என்று அதே படிவத்தில் வரும். மணிநேரப் பதிவேட்டில் மொழிபெயர்ப்புக்குத் தனி நிரல் போடுங்கள். கற்றல் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு உச்சவரம்பு எழுதுங்கள்; அதைத் தாண்டினால் தொடர்பாளர் தலையிடட்டும். தம் சொந்த வழக்கில் தமிழில் வேலை செய்வது வேறு, அது முழுமையான பயிற்சி.

குடும்பத்திடமும் கேளுங்கள். ஊர்ச்சனம் ஒருவர் வீட்டுக்குள் வந்து சண்டை சச்சரவைப் பார்ப்பதைப் பலர் விரும்புவதில்லை. கோயிலில் மறுநாள் சந்திக்க வேண்டியவர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. "தம்பி ஊரில எந்த இடம்? கோயிலுக்குப் பக்கமோ, மற்றப் பக்கமோ?" இந்தக் கேள்வி எதை அறியக் கேட்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும், பல்கலைக்கழகத் தொடர்பாளருக்குத் தெரியாது. தமிழ்ப் பயிற்றுநர் தமிழ் மாணவரிடம் கேட்டாலும், சேவை பெறுநர் கேட்டாலும் அது சாதி விசாரணை. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2023 ஒக்ரோபரில் சாதிப் பாகுபாடு மனித உரிமைகள் சட்டத்தின் கீழ் வரும் என்று தன் கொள்கை நிலைப்பாட்டில் தெளிவாக்கிவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டு விதியில் சாதியைச் சேர்த்தது, சியாற்றில் நகரசபை 2023 பெப்ரவரியில் சட்டமே இயற்றியது. உங்கள் களப்பயிற்சிக் கையேட்டில் "இனம், நிறம், வம்சாவளி" என்று வரும் வரியில் "சாதி" என்ற சொல்லைச் சேருங்கள். வெள்ளையர்கள் நம்மிடம் காட்டும் இனவாதத்தைப் பற்றிக் கதைக்கும் கூட்டத்தில் இதையும் வைத்துக் கதைக்கவேண்டும். "வீட்டு விஷயத்தை வெளியில் விடாதே" என்று சொல்பவர்கள் வருவார்கள், வரட்டும்.

---

எண்சுவடி

கடைசியாகக் காலக்கெடு பற்றி, ஏனென்றால் நல்ல முறைப்பாடுகள் சாவது அங்கேதான். ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க, கடைசிச் சம்பவத்திலிருந்து ஒரு வருடம். பல்கலைக்கழகத்தின் உள்விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. "முதலில் இங்கே முடியட்டும்" என்று மாணவரைக் காத்திருக்க வைத்துப் பதினான்காம் மாதத்தில் கைவிரிப்பது நடக்கிறது. முறைப்பாடு வந்த அன்றே மாணவருக்கு அந்தத் தேதியை எழுத்தில் கொடுப்பதை உங்கள் நடைமுறையில் சேருங்கள். முறையிட்டதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டு, ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டத்தின் 8 ஆம் பிரிவு. நிறுவனங்களுக்கு அனுப்பும் உடன்படிக்கையில் இதையும் குறிப்பிடுங்கள். புள்ளிக்கு எதிரான மேன்முறையீடு வேறு பாதை, அதற்கான கெடு இதைவிட மிகக் குறுகியது, பல இடங்களில் சில வாரங்கள்தான். மாணவர் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

உங்கள் அடுத்த கல்வியாண்டைப் பொறுத்தவரை: மதிப்பீட்டுப் படிவத்தையும் மணிநேரப் பதிவேட்டையும் வழக்கமாகக் களப்பயிற்சிக் குழுவே மாற்றிவிடலாம், கோடைக்குள் முடியும். "இடைக்காலத்தில் சொல்லாததற்கு இறுதியில் தோல்வியில்லை", "மணிநேரம் செல்லும்" ஆகிய இரண்டும் சித்தி (தேர்ச்சி) விதிகள். அவை பீட அவைக்கும், சில பல்கலைக்கழகங்களில் செனட்டுக்கும் போகவேண்டும், ஒரு தவணையாவது பிடிக்கும். அந்த இரண்டையும் செப்டெம்பர் நிகழ்ச்சிநிரலில் ஏற்ற இப்போதே வரைவு எழுதத் தொடங்குங்கள்.